தேடாமலே 'இல்லை' என்னும் கணினி

பழைய கணினிகளுக்கு லுபுண்டு, ஆன்டிஎக்ஸ் போன்ற இலகுவான லினக்ஸ் பதிப்புகளே ஏற்றவை என்று நண்பர்களுக்குச் சொல்லி வருகிறேன். அதில் மாற்றமில்லை. ஆனால், அவற்றில் கோப்புத் தேடுவது பற்றி ஒரு குறையைச் சொல்லியே ஆகவேண்டும்.

'லொக்கேட்' கருவியை நிறுவிக்கொண்டால் நொடியில் விடை வரும். காரணம், அது வன்தட்டைத் தேடுவதில்லை. முன்கூட்டியே தயாரித்து வைத்த பெயர்ப்பட்டியலைத்தான் பார்க்கிறது. டெபியன் வழிவந்த பதிப்புகளில், அப்பட்டியலைத் தயாரிக்கும் 'அப்டேட்டிபி', 'மீடியா' என்ற கோப்புறையை வழமையாகவே ஒதுக்கிவிடும். யூஎஸ்பி தட்டுகள் வந்து சேர்வதோ பெரும்பாலும் அங்கேதான். பல வருடக் கட்டுரைகளை அத்தகைய தட்டில் வைத்திருக்கும் என் போன்றோருக்குக் கிடைப்பது மௌனம் மட்டுமே. அமைப்புக் கோப்பின் 'புரூன்பாத்ஸ்' வரியிலிருந்து மீடியாவை நீக்கி, தட்டைச் செருகியபடியே பட்டியலைப் புதுப்பித்தால் கோப்புகள் தலைகாட்டும்.

உள்ளடக்கத்தைத் தேடுவது இன்னும் சிக்கல். பாமினியில் தட்டச்சான செய்தி, கணினிக்கு வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். யுனிகோடில் 'யாழ்ப்பாணம்' என்று கொடுத்து 'கிரெப்' மூலம் தேடினால் ஒரு வரியும் அகப்படாது. தேடும் சொல்லையும் பாமினிக்கு மாற்றிக் கொடுக்கவேண்டும். இதை அறியாத இளையவர் எவரேனும் அந்தக் கோப்புகளைக் குப்பையென அழித்துவிடக்கூடும் என்பதே என் அச்சம்.

எங்கெங்கே தேடவில்லை என்பதையும் தேடற்கருவி சொல்லவேண்டும். 'தகவல் இல்லை' என்று கந்தோருக்குத் திரும்பும் நிருபரிடம், யார் யாரை விசாரித்தீர் என்று செய்தி ஆசிரியர் கேட்கமாட்டாரா? 'ஃபைண்ட்' கட்டளை தாமதமானாலும் நேரில் போய்ப் பார்க்கிறது. ஒரு கோப்புக் காணாமற் போயிற்று என்று முடிவுகட்டுமுன் நான் அதனையே ஏவுகிறேன்.