பழைய பாலங்கள்: பொது வரைபடம் பாதி விடைதான்

புது தில்லி: குஜராத்தில் மஹி ஆற்றின் மீதிருந்த கம்பீரா பாலம் 2025 ஜூலை 9-ம் தேதி இடிந்து 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பாலத்தின் வயது 40தான். மாற்றுப் பாலத்துக்கு மாநில அரசு ஏற்கெனவே ஒப்புதல் அளித்திருந்தது. வடிவமைப்புப் பணி நடந்துகொண்டிருந்தது. புதிய பாலம் காகிதத்தைத் தாண்டுவதற்குள் பழையது ஆற்றில் விழுந்தது.

இந்தத் தாமதத்தைக் குறைக்கும் வழிகளில் ஒன்று பொது வரைபட முறை. பாலத்துக்குப் பாலம் புதிதாக வரையாமல், குறிப்பிட்ட நீளங்களுக்கு முன்கூட்டியே கணக்கிட்டு வைப்பது. இது நாட்டுக்குப் புதிதல்ல. லக்னௌவில் உள்ள ரயில்வேயின் ஆய்வு, வடிவமைப்பு அமைப்பு 45.7, 61, 76.2 மீட்டர் இரும்பு உத்தரங்களுக்கு வரைபடம் வைத்திருக்கிறது. சாலைத் துறையும் 1991-ல் 10 முதல் 24 மீட்டர் வரையிலான கான்கிரீட் மேல்தளங்களுக்கு வரைபடங்களை வெளியிட்டது.

ஆனால் 2011-ல் கான்கிரீட் பால வடிவமைப்பு விதிகளே மாறின. 2018-ல் லாரிகளின் அச்சு எடை வரம்பு 20 முதல் 25 சதவீதம் வரை உயர்த்தப்பட்டது. வடிவமைப்பையும் ஒப்பந்ததாரரிடமே விடும் முறையும் பரவியது. விளைவு, ஒரே நீளமுள்ள பாலம் பத்து இடங்களில் பத்து விதமாக வரையப்படுகிறது. சரிபார்க்கும் பொறியாளருக்கு ஒவ்வொன்றும் புதுக் கணக்கு. ஒரே வகைத் தாங்கிகளும் இணைப்புகளும் இருந்தால் பிற்காலப் பராமரிப்பும் எளிது. கம்பீராவில் நசுங்கியவை தூணின் மேல்பீடமும் இணைப்பும்தான் என்றது மாநில அரசின் முதற்கட்ட விசாரணை.

2016-ல் தொடங்கப்பட்ட இந்தியப் பால மேலாண்மை முறை, தேசிய நெடுஞ்சாலைகளில் 1.7 லட்சத்துக்கும் அதிகமான கட்டுமானங்களைப் பதிவு செய்தது. அவற்றில் சுமார் 1.34 லட்சம், கல்வெர்ட் எனப்படும் சிறுபாலங்கள். பொது வரைபடத்துக்கு மிகவும் ஏற்றவை இவையே. அதே ஆண்டில் அறிவிக்கப்பட்ட சேது பாரதம் திட்டம், சுமார் 1,500 பழைய பாலங்களை ரூ.30,000 கோடியில் மாற்றவோ வலுப்படுத்தவோ செய்வதாக உறுதியளித்தது.

எனினும், வரைபடம் பெரிதும் காப்பது மேல்தளத்தைத்தான். மகாராஷ்டிரத்தில் மஹாட் அருகே சாவித்ரி ஆற்றுப் பாலம் 2016 ஆகஸ்ட் 2-ம் தேதி இரவு வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது. ஆங்கிலேயர் காலத்துக் கல் வளைவுப் பாலம் அது. இரண்டு அரசுப் பேருந்துகள் ஆற்றில் மூழ்கின. புதிய பாலம் 165 நாள்களில் கட்டப்பட்டு 2017 ஜூனில் திறக்கப்பட்டது. மனம் வைத்தால் வேகம் வரும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. ஆனால் வெள்ளத்தின் அளவையும், தூணடி மண் எவ்வளவு ஆழத்துக்கு அரிக்கப்படும் என்பதையும் அந்தந்த ஆற்றில்தான் அளக்க வேண்டும். வரைபடம் கையில் இருக்கிறதே என்று மண் பரிசோதனையைச் சுருக்கினால் ஆபத்து அதிகம். பொது வரைபடத்தில் ஒரு பிழை நுழைந்தால், அது நூறு பாலங்களில் நுழையும்.

நாடாளுமன்றத்தில் பாலங்கள் பற்றிக் கேள்வி எழும்போதெல்லாம், தேசிய நெடுஞ்சாலைகளுக்கு மட்டுமே பொறுப்பு என்பது அமைச்சகத்தின் வாடிக்கையான பதில். அரசியல் சாசனப்படி அது சரியே. ஏனைய சாலைகளும் பாலங்களும் மாநிலப் பட்டியலில் உள்ளன. கம்பீராவும் மாநில அரசின் பொறுப்பில் இருந்ததுதான். ஆனால் சேது பந்தன் திட்டத்தின் கீழ் மத்திய சாலை, உள்கட்டமைப்பு நிதியிலிருந்து மாநிலப் பாலங்களுக்கும் பணம் போகிறது. அந்தப் பணத்துடன் வரைபடத்தையும் அனுப்பலாம். பாலங்களின் வயதுப் பட்டியலையும் ஆற்று ஆய்வறிக்கையையும் பதிலுக்குக் கேட்கலாம்.