இல்லத்தின் பின்னே ஓர் இளவேனில்



இளவேனில் என்றவுடன் தென்றலும் குயிலும் பசுந்தளிரும் நம் நினைவுக்கு வருகின்றன. கல்லூரியில் இலக்கியம் பயின்ற நாளில் நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். ஆனால், நம் மண்ணில் இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும் அல்லவா? மே மாதத் தொடக்கத்திலேயே கத்திரி வெயில் புகுந்துவிடுகிறது. குளிர்நாட்டுப் பெண்கள் பனி நீங்கியதென்று விதைகளை எடுத்துக்கொண்டு தோட்டத்திற்குச் செல்லும் காலத்தில், நாம் வெயிலுக்கு அஞ்சிக் கொல்லைக் கதவைச் சாத்திவிடுகிறோம். அந்தக் கதவைத் திறந்து வைத்தால் என்ன கிடைக்கும் என்பதைச் சென்ற ஆண்டு என் மாமியாரிடம் கற்றுக்கொண்டேன். இம்மாதம் அதைப் பற்றியே உங்களுடன் பேச விரும்புகிறேன்.

எங்கள் கொல்லை பெரியதன்று. 20 அடி நீளம், 15 அடி அகலம். ஒரு கிணறு, ஒரு துவைக்கல், ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, சுவரோரம் மருதாணி, கிணற்றடியில் மல்லிகை. இவை யாவும் மாமி தம் கையால் வைத்தவை. பெண்கள் மதரஸாவில் பாடம் நடத்திவிட்டுத் திரும்பும் எனக்கு அவை இருப்பதே பல நாள் தெரியாது. சமையலுக்குக் கறிவேப்பிலை கிள்ளும்போது மட்டும் தெரியும்.

சென்ற ஆண்டு தை மாத நடுவில் மாமா மரணமடைந்தார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். மாமி இத்தா இருக்கத் தொடங்கினார்கள். துக்கம் விசாரிக்க வந்த பெண்களில் சிலர், "இத்தாவில் இருப்பவர் வானத்தைப் பார்க்கக் கூடாது, கொல்லைப் பக்கம் போகக் கூடாது" என்றார்கள். மாமியும் அறையிலேயே இருந்துவிட்டார்கள். ஜன்னலுக்குத் திரை போடப்பட்டது. ஒரு மாதத்தில் அவர்களுடைய முகம் வெளிறிவிட்டது, உணவு குறைந்தது, பேச்சும் குறைந்தது.

சகோதரியே! இத்தாவில் இருப்பவர் தேவையின்றி இல்லத்தை விட்டு வெளியேறலாகாது. அலங்காரத்தையும் நறுமணத்தையும் தவிர்க்க வேண்டும். மறுமணப் பேச்சு பேசலாகாது. இவை மார்க்கம் கூறியவை. ஆனால், தம் வீட்டுக் கொல்லையில் நிற்பதையும் வானத்தை நோக்குவதையும் மார்க்கம் தடுக்கவில்லை. இருட்டறையில் அடைந்து கிடப்பது நாமாகச் சேர்த்துக்கொண்ட வழக்கம். இதனை மாணவியர்க்குப் பலமுறை போதித்த நான், என் வீட்டில் எடுத்துச் சொல்ல ஒரு மாதம் தயங்கினேன் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். மாசி மாத இறுதியில் ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின் மாமியின் கையைப் பிடித்துக் கொல்லைக்கு அழைத்துச் சென்றேன். கிணற்றுத் திண்ணையில் அமர்ந்தவர்கள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "மல்லிகைக்கு யாரும் தண்ணீர் ஊற்றவில்லையா, மகளே?" என்று கேட்டார்கள். ஒரு மாதத்தில் அவர்களாகவே கேட்ட முதற் கேள்வி அதுதான்.

இதே வேளையில் வளைகுடாவில் பணிபுரியும் என் கணவரின் தம்பி, கொல்லை முழுவதும் சிமெண்டுத் தரை போடுவதற்குப் பணம் அனுப்பியிருந்தார். அவருடைய எண்ணம் நல்லதுதான். துவைக்கல்லுக்கும் கழிப்பறைக்கும் செல்லும் வழியில் சேறு உண்டாகும். முதிய வயதில் உம்மா வழுக்கி விழுந்துவிடக் கூடாதே என்னும் கவலை. கொத்தனாரும் வந்து அளந்துவிட்டுப் போனார். மருதாணியும் மல்லிகையும் போக வேண்டும் என்றார். மாமி மறுப்பேதும் கூறவில்லை. "கொஞ்சம் கீரை விதைத்திருக்கிறேன், அது வந்துவிடட்டும்" என்று மட்டும் கூறினார்கள். உண்மையில் அன்றுவரை விதைக்கவில்லை. மறுநாள் காலைதான் விதைத்தார்கள்.

அந்தக் கீரை விதைப்பிலிருந்தே என் பாடம் தொடங்கிற்று. சிறுகீரை விதை கடுகினும் சிறியது. அப்படியே தூவினால் ஓரிடத்தில் குவிந்துவிடும். ஒரு பங்கு விதையுடன் பல பங்கு மணலைக் கலந்து தூவினால் பரவலாக விழும். மேலே மெல்லிய மண்ணைப் போர்த்தி, பூவாளியால் மட்டுமே நீர் தெளிக்க வேண்டும். வாளியால் ஊற்றினால் விதை அடித்துச் செல்லப்படும். எறும்பு விதையை இழுத்துச் செல்லாமலிருக்கப் பாத்தியைச் சுற்றி ஒரு பிடி அரிசிமாவு தூவினார்கள். "அதற்கும் பசி இருக்கிறதே, இதைத் தின்னட்டும்" என்றார்கள். மூன்றாம் நான்காம் நாளில் முளை தெரிந்தது. ஏறத்தாழ 25 நாளில் பறித்துக் கடைந்து உண்டோம். அதற்குள் அடுத்த பாத்தியில் விதைத்துவிட்டிருந்தார்கள். கொத்தனார் வரும்போதெல்லாம் ஏதேனும் ஒரு பாத்தியில் கீரை முளைத்துக்கொண்டே இருந்தது!

வெயில் ஏற ஏறக் கிணற்றின் நீர் இறங்கிற்று. செடிகளுக்கு நீர் எங்கே? ஒரு நாள் குழாயின் கீழே வாளியை வைத்து, நான் ஒளுச் செய்யும் நீரை அளந்து பார்த்தேன். 6 லிட்டர்! வீட்டில் மாமி, நான், என் மகள் என மூவர். ஐவேளையும் புதிதாக ஒளுச் செய்தால் நாளொன்றுக்கு 90 லிட்டர் சாக்கடையில் ஓடுகிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு 'முத்' அளவு நீரில் ஒளுச் செய்ததாக ஹதீஸ்களில் காண்கிறோம். ஒரு முத் என்பது இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவு. இதைப் பாடமாக நடத்தும் நானே குழாயைத் திறந்துவிட்டு நின்றிருக்கிறேன்.

அன்றே பழைய பித்தளைக் கெண்டியைப் பரணிலிருந்து இறக்கினோம். அதில் ஒன்றரை லிட்டர் கொள்ளும். மூவருக்கும் சேர்த்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 22 லிட்டரே செலவாகிறது. அந்நீரும் வீணாவதில்லை; ஒரு தொட்டியில் பிடித்து மல்லிகைக்கும் கறிவேப்பிலைக்கும் ஊற்றுகிறோம். ஒளுவுக்குப் பயன்பட்ட நீர் மீண்டும் ஒளுச் செய்ய உதவாது என்பது பெரும்பாலான சட்டநூலார் கருத்து. செடிக்கு ஊற்ற ஒரு தடையுமில்லை. அரிசி களைந்த நீர், காய்கறி கழுவிய நீர், மீன் அலசிய நீர் ஆகியவையும் செடிக்கு உகந்தவை. மீன் நீரை ஊற்றிய நாளில் மட்டும் பூனை வந்து மண்ணைத் தோண்டும். மேலே கொஞ்சம் மண்ணை மூடிவிடுங்கள். சோப்புத்தூள் கலந்த நீரைச் செடிக்கு ஊற்றாதீர்கள்.

ஊற்றும் நேரமும் முக்கியம். சுபுஹு தொழுகைக்குப் பின் அல்லது அஸருக்குப் பின் ஊற்ற வேண்டும். நண்பகலில் ஊற்றினால் நீர் அதிகமாக ஆவியாகிவிடும். ஊற்றிய நீர் தங்குவதற்கு, உதிர்ந்த முருங்கைச் சருகையும் தேங்காய் நாரையும் செடியைச் சுற்றி இரண்டு மூன்று அங்குலக் கனத்திற்குப் பரப்ப வேண்டும். இதனை மூடாக்கு என்பர். தண்டை ஒட்டிக் குவிக்காமல் சிறிது இடம் விட வேண்டும். இல்லையேல் தண்டு அழுகும். சில நாள் வெளியூர் செல்ல நேர்ந்தால், மெருகு பூசாத மண்பானை ஒன்றைச் செடியருகே கழுத்து வரை புதைத்து நீர் நிரப்பி மூடிவிட்டுச் செல்லுங்கள். பானையின் சுவர் வழியே நீர் கசிந்து வேரை நனைக்கும்.

கறிவேப்பிலை இவ்வேளையில் பூத்துக் காய்க்க முற்படும். பூங்கொத்தைக் கிள்ளிவிட்டால் இலை செழிக்கும். மல்லிகைக்கு முழுக் கவாத்து செய்ய வேண்டியது கார்த்திகையில். இப்போது பூத்து முடிந்த கிளைகளின் நுனியை மட்டும் வெட்டினால் பக்கத் தளிர் விட்டு அடுத்த அரும்பு பிடிக்கும். வெண்பஞ்சு போல் மாவுப்பூச்சி ஒட்டினால் நீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். போகாவிடின் ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள். கடும் பூச்சிமருந்துக்கு ஓட வேண்டாம். 2008ஆம் ஆண்டு கோவைப் பகுதியில் தென்பட்டுத் தமிழகமெங்கும் பரவிய பப்பாளி மாவுப்பூச்சியை எது அடக்கியது தெரியுமா? 2010இல் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து தருவிக்கப்பட்ட, கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒரு சிறு குளவி! கொல்லையில் பறப்பவையெல்லாம் நமக்குப் பகையல்ல.

இனி, அந்த இளவேனிலில் நான் கண்ட சிற்றின்பங்களையும் சொல்ல வேண்டும். துணிக்கொடியின் ஓரத்தில் தேன்சிட்டு ஒன்று நாரும் சிலந்தி நூலும் கொண்டு ஒரு தொங்கு கூட்டைப் பின்னியது. குஞ்சு பறக்கும் வரை, ஏறத்தாழ ஒரு மாதம், அக்கொடியில் துணி காயப்போட மாமி யாரையும் விடவில்லை. அண்டை வீட்டு வேம்பின் பூ எங்கள் பக்கம் உதிர்ந்தது. பெருக்கிச் சுத்தம் செய்து உலர்த்தி ரசத்துக்கு வைத்தோம்.

மல்லிகை அவ்வாண்டு அள்ளி அள்ளிப் பூத்தது. மாமி அதைச் சூடவில்லை. மருதாணி தழைத்தது, அதையும் இடவில்லை. ஆயினும் இரண்டுக்கும் நாள் தவறாமல் நீர் ஊற்றினார்கள். மாலையில் அரும்புகளைப் பறித்து ஒரு தட்டில் வைத்து, தெருப் பிள்ளைகளுக்குக் கொடுத்தனுப்புவார்கள். ரமளானுக்குப் பின் வந்த பெருநாளன்று மருதாணி வாங்க வந்த சிறுமியரிடம், "நிறையப் பறித்துக்கொள்ளுங்கள், பறித்தால்தான் தழைக்கும்" என்றார்கள். நான் சமையலறையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

வைகாசி மூன்றாம் வாரம் இத்தா நிறைவுற்றது. அதற்குள் என் கணவர் தம்பியிடம் தொலைபேசியில் பேசிவிட்டார். "கொல்லை முழுவதும் சிமெண்டு போட்டால் மழைநீர் எங்கே இறங்கும்? கிணறு எப்படி ஊறும்? 2003இல் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்களே, எதற்காக? 2019 கோடையில் சென்னைக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டு கிடந்ததை நாம் பார்த்தோமே" என்றார். தம்பியின் கவலையையும் நாங்கள் தள்ளிவிடவில்லை. வாசற்படியிலிருந்து துவைக்கல் வரையிலும், அங்கிருந்து கழிப்பறை வரையிலும் இரண்டடி அகலத்தில் ஒரு நடைபாதை மட்டும் போட்டோம், வழுக்காதிருக்கச் சொரசொரப்பாக. ஒளுச் செய்யுமிடத்து நீர் தானே பாத்திக்கு ஓடுமாறு கொத்தனார் சிறு சரிவும் வைத்துக் கொடுத்தார். மிஞ்சிய பணத்தில் நடைபாதையோரம் மாமி பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடிக் கம்பி பதித்தோம். படத்தைப் பார்த்த தம்பி, "உம்மா சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்" என்று மட்டும் எழுதினார்.

சகோதரியே! ஒருவர் நட்ட மரத்தில் பறவையோ மனிதரோ கால்நடையோ உண்டால் அது நட்டவருக்குத் தருமமாக அமையும் என்னும் நபிமொழியை நாம் அறிவோம். நட்டவருக்கே அது ஆறுதலும் ஆகும் என்பதை என் மாமியிடம் கண்டேன். உங்கள் வீட்டில் முதியவர் ஒருவர், துயருற்றவர் ஒருவர், பேச்சைக் குறைத்துக்கொண்டவர் ஒருவர் இருக்கலாம். அவரை அறையிலேயே விட்டுவிடாதீர்கள். வீட்டைச் சுத்தமாக்குகிறோம் என்று கடைசிப் பிடி மண்ணையும் மூடிவிடாதீர்கள். கொல்லையே இல்லாத வீடாயின், மாடியில் நான்கு தொட்டி போதும். இன்று மாலை ஒரு கைப்பிடிக் கீரை விதையையும் மணலையும் அவர் கையில் கொடுத்துப் பாருங்கள். நான்காம் நாள் காலையில் முளை விட்டதா என்று பார்க்க அவரே எழுந்து வருவார், இன்ஷா அல்லாஹ்.

அடுத்த திங்கள் மீண்டும் சந்திப்போம். வஸ்ஸலாம்.