பெரிய கைச் சட்டையும் சங்கத்துத் துணியும்

கைத்தறியையும் பருத்தியையும் பற்றிப் பேசவேண்டிய இப்பக்கங்களில் பெண்களின் சட்டைக் கையைப் பற்றி எழுத வந்திருக்கிறோமே என்று அங்கத்தினர்களில் சிலர் புன்னகை செய்யக்கூடும். செய்யட்டும். சங்கங்களின் விற்பனைப் பதிவேடுகளைப் புரட்டிப் பார்ப்பது நமது தொழில். அவற்றில் சேலையும் வேட்டியும் துண்டும் போர்வையும் பக்கம் பக்கமாக வருகின்றன. தைப்பதற்கென்று மீட்டர் கணக்கில் விற்ற துணியோ, நாம் பார்த்த பல சங்கங்களில் அரைப் பக்கத்தைத் தாண்டுவதில்லை. கடைத்தெருவில் சிறிது நேரம் நின்று பார்த்தால் நிலைமை வேறாக இருக்கிறது. இளம் பெண்கள் நாள்தோறும் உடுத்துவது தைத்த உடையே. அதிலும் தோளருகே உப்பி, முழங்கைக்கு மேல் பட்டி பிடித்த பெரிய கையுள்ள மேற்சட்டைக்கு இன்று தனி மோகம் உண்டு. அக்கைக்குச் செல்லும் துணி, சாதாரணக் கைக்குச் செல்வதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. அத்துணி யாருடைய தறியிலிருந்து செல்கிறது என்பதே நமது கவலை.

இந்த மோஸ்தர் புதிதன்று. 1830-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இங்கிலாந்துச் சீமாட்டிகள் ஆட்டுத் தொடையின் வடிவில் பெருத்த கை வைத்து உடுத்தினார்கள். அது தொய்ந்து விழாதிருக்க உள்ளே இறகு அடைத்த திண்டுகளையும் கட்டிக்கொண்டார்கள். பிறகு கை சிறுத்தது. 1890-களின் நடுவில் மீண்டும் பெருத்தது. 1942-ல், யுத்த காலத் துணிச் சிக்கனத்தை முன்னிட்டு, அமெரிக்க அரசாங்கம் எல்-85 என்ற உத்தரவின் மூலம் பெண்கள் உடையில் இத்தகைய கைகளைத் தடை செய்தது. 1981-ல் இளவரசி டயானாவின் மணவுடையில் அது மறுபடியும் உப்பி நின்றதை உலகமே பார்த்தது. நம் ஊர்களிலும் பாட்டிமாரின் பழைய புகைப்படங்களில் பப் கை ரவிக்கையைக் காணலாம். ஓர் அரசாங்கம் உத்தரவு போட்டுச் சட்டைக் கையைச் சுருக்க வேண்டியிருந்தது என்றால், அது எவ்வளவு துணியை விழுங்கும் என்பதை நெசவாளருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

சென்ற கோடை விடுமுறையில் நம் அண்ணன் மகள் இத்தகைய சட்டை ஒன்றைக் கேட்டாள். "அத்தை, கை மட்டும் நல்லாப் பெரிசா இருக்கணும்" என்பதே அவளுடைய ஒரே நிபந்தனை. ஒரு சங்கத்தின் விற்பனை நிலையத்தில் 120 செ.மீ. அகலத்தில் கட்டம் போட்ட பருத்தித் துணியின் கடைசித் துண்டு, 1 மீட்டர் 40 செ.மீ. நீளத்தில் விலை போகாமல் கிடந்தது. அதை வாங்கி வந்து வீட்டிலேயே வெட்டினோம். அவளுடைய பழைய சட்டையை வைத்துக் காகிதத்தில் மாதிரி வரைந்தோம். கையின் காகிதத்தை மேலிருந்து கீழாக நான்கு இடங்களில் வெட்டி விரித்து, 34 செ.மீ. அகலத்தை 58 செ.மீ. ஆக்கினோம். அகலத்தை மட்டும் கூட்டினால் கை உப்பாது, பக்கவாட்டில் பரந்து தொங்கும். ஆகையால் மேல் வளைவையும் 4 செ.மீ. உயர்த்தினோம். பிறகு வளைவின் ஓரத்தில் இரண்டு வரிசை ஓட்டுத் தையல் போட்டு, நூலை இழுத்துச் சுருக்கிக் கைக்குழியில் பொருத்தினோம்.

உடுத்திக் கண்ணாடி முன் நின்றவள் அழாத குறைதான். இரண்டு பூசணிப் பிஞ்சுகள் தோளை விட்டு நழுவிக் கையில் தொங்குவது போலிருந்தது. பிழை கையில் இல்லை, தோளில் இருந்தது. சாதாரணக் கைக்கு வைக்கும் தோள் அகலத்தையே இதற்கும் வைத்துவிட்டோம். உப்பிய கை தோள் எலும்பின்மேல் உட்கார வேண்டும். அதற்கு இடம் விட்டுத் தோள் தையலை உள்ளே தள்ளி முடிக்க வேண்டும். அன்று மாலையே கைகளைப் பிரித்தோம். இரு தோள்களிலும் ஒன்றரை செ.மீ. உள்ளே வெட்டினோம். கைக்குழி முழுவதும் பரப்பியிருந்த சுருக்கங்களை மேற்பாதிக்கு ஒதுக்கி, அக்குளின் கீழே சுருக்கமே இல்லாமல் செய்தோம். அதே துணியில் 5 செ.மீ. அகலத்தில் ஒரு பட்டையைக் குறுக்காக வெட்டி, மடித்துச் சுருக்கி, மேல் வளைவின் உட்புறம் வைத்துத் தைத்தோம். சீமாட்டிகளின் இறகுத் திண்டுக்குப் பதில் இதுவே போதும். கை நிமிர்ந்து நின்றது.

மகிழ்ச்சி முதல் சலவை வரைதான். கஞ்சி போட்ட புதுத் துணியை நனைக்காமல் வெட்டக்கூடாது என்பது சிறு குழந்தைக்கும் தெரிந்தது. அவசரத்தில் அதை மறந்தோம். நனையாத பருத்தித் துணி முதல் முறை நனையும்போது நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு வரை சுருங்குவது சாதாரணம். சட்டையின் மார்புச் சுற்று இறுகிவிட்டது. நல்ல வேளையாகப் பக்கத் தையல்களில் இரண்டரை செ.மீ. துணி உள்ளே விட்டிருந்தோம். ஒவ்வோர் ஓரத்திலும் ஒரு செ.மீ. பிரித்து விட்டதில், நான்கு ஓரங்களுமாகச் சேர்ந்து சுற்றளவில் 4 செ.மீ. கிடைத்தது. அக்குளின் கீழே சுருக்கம் இல்லாததால் கையை அவ்விடத்தில் மட்டும் திறந்து மூட முடிந்தது. தையலின் உள்ளே விட்ட துணியை "வீண்" என்று கத்தரித்து எறியும் தையற்காரர்களை நாம் மன்னிப்பதில்லை. ஆயத்த உடைகளில் பெரும்பாலும் ஒரு செ.மீ. கூட இருப்பதில்லை, பெண் சிறிது பருத்தால் சட்டை மூலைக்குப் போகிறது. பல ஆண்டு உழைக்கும் கைத்தறித் துணிக்கு இந்த அற்ப ஆயுள் தகுமா?

இனி நாம் சொல்ல வந்த விஷயத்துக்கு வருவோம். அச்சட்டைக்கு முன்பக்கமும் பின்பக்கமும் அகலம் 54 செ.மீ. வீதம், நீளம் 62 செ.மீ. இரண்டையும் 120 செ.மீ. அகலத்தில் அருகருகே வெட்டினோம். ஓரத்தில் மிஞ்சிய 12 செ.மீ. பட்டையில் கைப்பட்டிகள் இரண்டும் கிடைத்தன. கைகள் 58 செ.மீ. வீதம் அடுத்த வரிசையில் அடங்கின. அவற்றின் நீளம் 45 செ.மீ. ஆக 107 செ.மீ. கழுத்துக்கும் உட்பட்டைக்கும் சுருக்கத்துக்கும் சேர்த்து 1 மீட்டர் 25 செ.மீ. இருந்தால் ஒரு பெண்ணின் சட்டை முடிந்துவிடும். இந்த அளவில் வெட்டி மடித்து, "நனைத்து உலர்த்திய பின் வெட்டுக" என்று ஒரு சீட்டும் வைத்து விற்கும் சங்கம் எத்தனை? நாம் பார்த்தவரை மிகச் சில.

சேலையின் கதையும் இதுவே. சேலையோடு சேர்த்து நெய்யும் ரவிக்கைத் துண்டு வழக்கமாக 80 செ.மீ. ரவிக்கையின் உடலுக்கு 40 செ.மீ., மேற்சொன்ன கைக்கு 45 செ.மீ. என்றால், அப்போதே 5 செ.மீ. குறைகிறது. வாங்கிய பெண் என்ன செய்கிறாள்? நம் துண்டை வெட்டாமல் பீரோவில் வைத்துவிட்டு, வேறு கடையில் அதே வர்ணத்தில் விசைத்தறித் துணியை எடுக்கிறாள். நம் சேலைக்குத் துணையாக நம் துணியே போகாதபடி நாமே செய்துவிடுகிறோம். துண்டை 1 மீட்டர் ஆக்கினால், ஆறேகால் மீட்டர் சேலையில் கூடுவது 20 செ.மீ.; நூற்றுக்குச் சுமார் மூன்று பங்கு. எல்லாச் சேலையிலும் வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. இளம் பெண்கள் விரும்பும் மெல்லிய பருத்தி ரகங்களில் ஒரு பாவுக்குச் செய்து பார்க்கலாம். பருத்தி விளைவிக்கும் அங்கத்தினர்களுக்கும் இதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

இவ்விஷயத்தை ஒரு சங்கச் செயலாளரிடம் பேசினோம். அவர் அனுபவசாலி. "அம்மா, பாவு நீளம் கணக்காக ஓட்டியது, ஒரு சேலைக்கு இவ்வளவு என்று கூலி நிர்ணயமாகியிருக்கிறது. இருபது சென்டிமீட்டர் கூட்டினால் பாவுக்கு எத்தனை சேலை என்ற கணக்கே மாறிவிடும். அந்தக் கூலியை யார் கொடுப்பது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. கூடுதல் நீளத்துக்கு உரிய நூலும் கூலியும் விலையில் ஏறவேண்டும். அது நெசவாளரின் கைக்கு வரவேண்டும். மோஸ்தருக்காக இருபது செ.மீ. இனாமாக நெய் என்று எந்தச் சங்கமும் சொல்லுமானால், அவ்வேற்பாட்டை நாமே முதலில் எதிர்ப்போம். ஆனால் கூலி கணக்கிடுவது கடினம் என்பதற்காகப் பழைய அளவே போதும் என்றிருப்பதையும் நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை. விலை சிறிது கூடினால் சேலை விற்காதோ என்று அவர் அஞ்சினார். அதற்குத்தான் ஒரே பாவு என்கிறோம்.

அவருடைய கடைசி ஆட்சேபணை வேடிக்கையானது. மீட்டர்த் துண்டுகளை எழுதச் சரக்குப் பதிவேட்டில் தனிப் பத்தி இல்லையாம். அடுத்த தணிக்கையின்போது "தையல் துண்டு, 1 மீட்டர் 25" என்று கையால் கோடிட்டு எழுதிய பத்தி ஒன்றைப் பார்த்தால், நாம் அதன்மேல் குறிப்பு எழுதமாட்டோம் என்று அவருக்கு உறுதி கூறிவிட்டு வந்தோம்.