பூனைக் கீறலும் பி.காம். மூளையும்

இந்த வாரம் ஒரு பாவத்தை ஒப்புக்கொள்ளப் போகிறேன். வாராவாரம் அடுத்தவன் பாவத்தையே எழுதிக்கொண்டிருந்தால் 'இவன் மட்டும் என்ன யோக்கியமா?' என்று யாராவது கேட்பார்கள். கேட்பதற்குள் நானே சொல்லிவிடுவது உத்தமம்.

சம்பவம் நடந்தது 2002 மே மாதம். ஸ்தலம், ஸ்ரீவில்லிபுத்தூர், சித்தி வீட்டு மாடி. ஆயுதம், ஒரு வீடியோ கேம்.

சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்த மாமா, 'ரெண்டு பயலும் அடிச்சுக்கக் கூடாது' என்று ஆளுக்கொரு கேம் பாய் வாங்கி வந்தார். ராஜபாளையத்தில் எனக்கு ஒன்று. ஸ்ரீவில்லிபுத்தூரில் சித்தி மகனுக்கு ஒன்று. அவன் என்னைவிட நாலு மாதம் சின்னவன். ஆகையால் நான் அண்ணன். (இந்தப் பதவியை நான் எவ்வளவு துஷ்பிரயோகம் செய்தேன் என்பதற்குத் தனிக் கட்டுரை எழுதலாம்.) எனக்கு வந்தது போக்கிமான் ரெட். அவனுக்கு ப்ளூ. அடித்துக்கொள்ளக் கூடாது என்று மாமா வாங்கி வந்தது, அடித்துக்கொள்வதற்கென்றே செய்த விளையாட்டு!

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. காட்டில் மேட்டில் திரியும் விநோத ஜந்துக்களைப் பிடித்து, பந்துக்குள் அடைத்து, பழக்கி, இன்னொருத்தன் ஜந்துவோடு மோதவிட வேண்டும். அவ்வளவுதான். நாம் தீப்பெட்டிக்குள் பொன்வண்டை அடைத்து வேலிக்காத்தான் இலை போட்டு வளர்த்தோமே, அதே சமாச்சாரம். நிஜமாகவே அதேதான். இதை உருவாக்கிய சதோஷி தஜிரி, தோக்கியோவுக்குப் பக்கத்து ஊரில் சின்ன வயசில் பூச்சி பிடித்துத் திரிந்தவர். அந்த ஞாபகத்தில்தான் இதைப் படைத்தார். 1996 பிப்ரவரி 27-ல் ஜப்பானில் வெளிவந்தது. எங்கள் மாவட்டத்தில் தீப்பெட்டிக்குப் பஞ்சமா? சிவகாசிக்காரன் யாருக்காவது இந்த யோசனை முதலில் வந்திருக்கலாம். வரவில்லை.

ஒவ்வொரு ஜந்துவுக்கும் நாலே நாலு அடிதான் தெரியும். ஐந்தாவது கற்றுக்கொள்ள வேண்டுமானால் பழைய நாலில் ஒன்றை மறந்தாக வேண்டும். எதை மறப்பது என்பதில்தான் சூட்சுமம். ஆனால் எந்த அடிக்கு எவ்வளவு பலம் என்று முதல் விளையாட்டில் எங்குமே காட்டாது. பேரைப் பார்த்து நாமாக முடிவு செய்துகொள்ள வேண்டியதுதான், பெண் பார்க்கப் போகிற இடத்தில் பஜ்ஜியைப் பார்த்துக் குடும்பத்தை எடை போடுகிற மாதிரி.

என்னிடம் இருந்தது சாரிசார்ட். வாலில் நெருப்பு, முதுகில் இறக்கை, பார்க்கவே கதாநாயகன். அது குட்டியாக, சார்மீலியனாக இருந்தபோது 33-வது லெவலில் 'ஸ்லாஷ்' என்று ஓர் அடி கற்றுக்கொண்டது. நகத்தால் சரக்கென்று ஒரு கீறல். பின்னால் 'ஹைப்பர் பீம்' கிடைத்தது. ஹைப்பர் பீம்! பேரிலேயே பட்டாசு வெடிக்கிறது. ஸ்லாஷ் என்றால் என்ன, சமையல்கட்டில் வெண்டைக்காய் நறுக்குகிற பேர். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. ஸ்லாஷை மறக்கவைத்து ஹைப்பர் பீமைச் சேர்த்தேன்.

சித்தி மகனிடம் இருந்ததோ ஒரு பூனை. பெர்ஷியன். ப்ளூவில்தான் அதன் குட்டி கிடைக்கும், ரெட்டில் கிடைக்காது. ஜந்துவுக்கு நாமே பேர் வைக்கலாம். பத்து எழுத்துக்குள் இருக்க வேண்டும். அவன் இங்கிலீஷ் பெரிய எழுத்தில் 'பால்கோவா' என்று வைத்திருந்தான். பூனைக்குப் பால் பிடிக்கும், ஸ்ரீவில்லிபுத்தூரில் பால் எங்கே போய் முடியும் என்பது ஊருக்கே தெரியும். நான் ஒரு வாரம் கிண்டல் செய்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் ஏறி, மஞ்சப்பையில் கேம் பாயும் மாற்று பென்சில் பாட்டரியுமாக ஸ்ரீவில்லிபுத்தூர் போய் இறங்கினேன். பன்னிரண்டு கிலோமீட்டர் பயணம்தான், ஆனால் மனசுக்குள் படையெடுப்பு. மாடியில் பாயை விரித்து, கேபிள் ஒயரால் இரண்டையும் இணைத்தோம். ஆளுக்கு மூன்று ஜந்து என்று பேச்சு.

பூனை முதலில் பாய்ந்தது. ஸ்லாஷ். திரையில் 'க்ரிட்டிகல் ஹிட்!' என்று வந்தது. அதாவது, அதிர்ஷ்டவசமாக அடி பலமாக விழுந்துவிட்டது என்று அர்த்தம். சரி, போகட்டும். நான் ஹைப்பர் பீமை விட்டேன். பூனைக்குப் பாதிக்கு மேல் உயிர் போனது. ஆனால் ஹைப்பர் பீம் அடித்தவன் எதிரி சாகவில்லையென்றால் அடுத்த முறை மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார வேண்டும். பூனை உட்காருமா? மறுபடி ஸ்லாஷ். மறுபடி க்ரிட்டிகல். கதாநாயகன் காலி.

அடுத்து மச்சாம்ப், நாலு கை மல்லன். கேபிள் வழியாக இன்னொருத்தனுக்குக் கொடுத்துத் திரும்ப வாங்கினால்தான் மச்சோக், மச்சாம்ப் ஆகும். சித்தி மகனிடம் கொடுத்துத்தான் வாங்கியிருந்தேன். வாங்கிய கையோடு நாணயமாகத் திருப்பிக் கொடுத்தவன் அவன். (இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.) மல்லனை வைத்து முதலில் 'ஃபோகஸ் எனர்ஜி' போட்டேன். மனசை ஒருமுகப்படுத்தினால் க்ரிட்டிகல் விழும் வாய்ப்பு கூடும் என்பது நம்பிக்கை. நான் ஒருமுகப்படுத்திக்கொண்டிருக்கும்போதே பூனை ஒன்று, அடுத்த தடவை இன்னொன்று. இரண்டும் க்ரிட்டிகல். மல்லன் மல்லாந்தான்.

கடைசியாக வந்த பிட்ஜியட் சிறகால் ஓர் அடி அடித்தது. அதோடு சரி. ஆறு ஸ்லாஷ், ஆறும் க்ரிட்டிகல்.

"டேய், சீட் கோடு போட்டிருக்கே."

"இல்லடா, சத்தியமா."

"ஆறு தடவையும் எப்படிடா அதிர்ஷ்டம் அடிக்கும்?"

"எனக்கென்ன தெரியும்? பூனை பிறாண்டுது."

அன்று ராத்திரி அங்கேயே தங்கல். அவன் தூங்கினதும் அவன் கேம் பாயை எடுத்தேன். ஆரம்பத் திரையில் மேல் அம்பு, செலக்ட், பி மூன்றையும் சேர்த்து அமுக்கினால், சேமித்ததெல்லாம் அழித்துவிடவா என்று கேட்கும். தற்செயலாகத் தெரிந்து வைத்திருந்தேன். கேட்டது. 'எஸ்' என்றேன். மூன்று மாதமாக அவன் வளர்த்ததெல்லாம் ஒரு நொடியில் போனது. பால்கோவா உட்பட.

காலையில் அவன் போட்டுப் பார்த்தான். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தான். பிறகு, "உள்ளே இருக்கிற பாட்டரி போயிடுச்சு போலடா" என்றான். அந்த கார்ட்ரிட்ஜுக்குள் சேமிப்புக்கென்று ஒரு சின்ன பாட்டரி உண்டு என்று மாமா சொல்லியிருந்தார். வாட்ச் ரிப்பேர் கடைக்கு எடுத்துப் போனோம். ஆமாம், போனோம். நானும் கூடப் போனேன். 'பாட்டரியை ஈயத்தால் பற்றவைத்திருக்கிறது, கை வைக்க மாட்டேன்' என்று கடைக்காரர் சொன்னபோது, முகத்தை எவ்வளவு சோகமாக வைத்துக்கொள்ள முடியுமோ அவ்வளவு சோகமாக வைத்துக்கொண்டேன். அவன் அதற்கப்புறம் விளையாடவே இல்லை.

இருபது வருஷத்துக்கு மேல் இதற்கு என்னிடம் ஒரு சமாதானம் இருந்தது: 'அவன் ஏமாற்றினான், நான் தண்டித்தேன்.' போன மாதம் அந்தச் சமாதானமும் போயிற்று.

அந்தப் பழைய விளையாட்டின் நிரலை ஆர்வலர்கள் வரி வரியாகப் பிரித்து மேய்ந்து வைத்திருக்கிறார்கள். அதைப் படித்தேன். பி.காம். படித்தவன் என்பதால் கூட்டல் பெருக்கலுக்கு பயமில்லை. விஷயம் இதுதான். முதல் விளையாட்டில் க்ரிட்டிகல் என்பது வெறும் குருட்டு அதிர்ஷ்டம் இல்லை. ஜந்துவின் பிறவி வேகத்தைப் பாதியாக்கு. 256-ல் அத்தனை தடவை க்ரிட்டிகல் விழும். பெர்ஷியனின் வேகம் 115. பாதி 57. ஆகவே சாதாரண அடிக்கு 256-ல் 57, நூற்றுக்கு 22. ஸ்லாஷ் போன்ற சில அடிகளுக்கு மட்டும் இதை எட்டால் பெருக்க வேண்டும். 57 எட்டு 456. ஆனால் ஒரு பைட்டுக்குள் 255-க்கு மேல் கொள்ளாது. ஆக, 256-ல் 255!

அந்த ஒன்று ஏன் குறைகிறது? குலுக்கலில் வரும் எண் 255-க்குக் கீழே இருந்தால்தான் செல்லும் என்று எழுதிவிட்டார்கள். 255-ஏ வந்தால் போச்சு. 256-ல் ஒரு தடவை மட்டும் பூனை சாதாரணமாகப் பிறாண்டும்.

இப்போது என் குற்றப்பத்திரிகையை எடுங்கள். நூற்றுக்கு 22 என்றால் ஆறு தடவை வரிசையாக விழ எட்டாயிரத்தில் ஒரு வாய்ப்புதான். என் சந்தேகம் நியாயம். ஆனால் நிஜக் கணக்குப்படி அதே ஆறும் விழ நூற்றுக்கு 97 வாய்ப்பு. அவன் ஒன்றும் செய்யவில்லை. பூனை பிறாண்டியது.

இதைவிடக் கொடுமை, என் சாரிசார்டின் வேகம் 100. வேகம் 64 இருந்தாலே ஸ்லாஷுக்கு அந்த 255 கிடைத்துவிடும். அதாவது அதே ஆயுதம் என் கையிலும் இருந்தது, நான்தான் தூக்கி எறிந்தேன்! ஸ்லாஷின் பலம் 70, ஹைப்பர் பீம் 150. காகிதத்தில் பார்த்தால் பீம்தான். ஆனால் பீம் நூற்றுக்குப் பத்து தடவை குறி தப்பும், ஒரு தடவை அடித்து ஒரு தடவை ஓய்வு. இரண்டு சுற்றுக்கு 135. அதிர்ஷ்டத்தில் விழும் க்ரிட்டிகலைச் சேர்த்தாலும் 160-ஐ எட்டாது. ஸ்லாஷ், அந்த லெவலில் க்ரிட்டிகலுக்குக் கிட்டத்தட்ட இரட்டிப்பு, ஒரு சுற்றுக்கே 130-க்கு மேல். இரண்டு சுற்றுக்கு 260 தாண்டும். போதாததற்கு, எதிரி கவசத்தை ஏற்றி வைத்திருந்தாலும் க்ரிட்டிகல் அதைச் சட்டை செய்யாது. எங்கள் ராஜபாளையத்தில் நாய் வாங்க வருகிறவர்கள் குரைக்கிற சத்தத்தைப் பார்ப்பதில்லை, காலைப் பார்ப்பார்கள். இந்த ஊரில் பிறந்தும் எனக்கு அது ஏறவில்லை.

ஜப்பானிய மொழியில் 'க்ரிட்டிகல் ஹிட்' இல்லை. 'உயிர்நிலையில் பட்டது' என்றுதான் திரையில் வரும். நம் பாஷையில் வர்மம். வர்மத்தைத் தெரிந்தவனுக்கு விரல் போதும். எனக்கு பீரங்கி வேண்டியிருந்தது.

அந்த ஃபோகஸ் எனர்ஜி கதையைக் கேளுங்கள். க்ரிட்டிகலை நாலு மடங்கு கூட்ட வேண்டிய அது, நிரல் எழுதியவர்கள் எண்ணை இடப்பக்கம் நகர்த்துவதற்குப் பதில் வலப்பக்கம் நகர்த்தியதால், நாலில் ஒன்றாகக் குறைத்துவிடும். வரவில் எழுத வேண்டியதைப் பற்றில் எழுதின மாதிரி! மச்சாம்ப் சும்மா இருந்திருந்தால் 256-ல் 27. ஒருமுகப்படுத்தியதால் 6. ஆக, என் மல்லன் தியானம் செய்து கெட்டவன்.

அப்புறம் கம்பெனிக்காரர்கள் விழித்துக்கொண்டார்கள். 1999-ல் வந்த கோல்ட், சில்வரில் வேகத்துக்கும் க்ரிட்டிகலுக்கும் இருந்த சம்பந்தத்தையே அறுத்தார்கள். ஸ்லாஷுக்கு நாலில் ஒன்று. 2002-ல் எட்டில் ஒன்று. 2013-ல் க்ரிட்டிகல் அடியே இரட்டிப்பிலிருந்து ஒன்றரை மடங்காக இறங்கியது. பலம் மட்டும் அன்றும் 70, இன்றும் 70.

போன ஞாயிறு, அதே ரூட், பஸ் மட்டும் வேறு. சித்தி மகன் இப்போது பாங்க்கில் கேஷியர். காபி வந்தது. நான் ஆரம்பித்தேன். வேகம், பாதி, எட்டால் பெருக்கு, 255. சுவாரசியமாகக் கேட்டான். "எனக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாதுடா. அது நல்லாப் பிறாண்டுச்சு, நானும் பிறாண்ட விட்டேன்" என்று சிரித்தான். பிறகு அந்த ராத்திரியைச் சொன்னேன். செலக்ட், பி, எல்லாம்.

சிரிப்பு நின்றது. காபி டம்ளரைக் கீழே வைத்தான்.

"வாட்ச் கடைக்கு நீயும்தானே வந்தே?"

"ஆமா."

"திரும்பி வர்றப்போ எனக்கு ஐஸ் வாங்கிக் குடுத்தே."

அதை நான் மறந்தே போயிருந்தேன். பதில் சொல்ல ஒன்றுமில்லை. மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நல்லவேளையாக அவன் பையன் வந்தான். அஞ்சாவது படிக்கிறான். கையில் ஸ்விட்ச், அதில் புது போக்கிமான். (அதே சிங்கப்பூர் மாமா. வயசானாலும் வழக்கம் மாறவில்லை.) "பெரியப்பா, இது புதுசா ஓர் அடி கத்துக்கணுமாம். ஸ்லாஷை மறக்க வெச்சிடவா? எழுபதுதான்" என்றான். இப்போதெல்லாம் பலத்தைத் திரையிலேயே போட்டுவிடுகிறார்கள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பன்காரன் முந்திக்கொண்டான்.

"பெரியப்பாவையே அமுக்கச் சொல்லுடா. அழிக்கிறதுல அவருக்கு நல்ல அனுபவம்."