தெரு உயரும்போது வெளியேறுவது யார்?

2025 ஏப்ரல் 29 அன்று சட்டப்பேரவையில் முதல்வர் மு.க.ஸ்டாலின் ஓர் அறிவிப்பை வெளியிட்டார். ‘காலனி’ என்ற சொல் ஆதிக்கத்தின் அடையாளமாகவும் தீண்டாமையைக் குறிக்கும் வசைச்சொல்லாகவும் ஆகிவிட்டதால், அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் அது நீக்கப்படும் என்பதே அந்த அறிவிப்பு. பள்ளிச் சேர்க்கைப் படிவத்தில் முகவரி எழுதும்போது பேனா ஒரு கணம் தயங்கி நின்ற அனுபவம் எத்தனையோ தலித் குடும்பங்களுக்கு உண்டு. அவர்கள் இதை வரவேற்றதில் வியப்பில்லை.

இதற்கு முன்பும் ஒரு பெயர் மாறியிருக்கிறது. 1970இல் தொடங்கப்பட்ட குடிசை மாற்று வாரியம், 2021இல் ‘தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்’ ஆனது. ‘குடிசை’ போய் ‘வாழ்விடம்’ வந்ததும் நல்ல மாற்றமே. ஆனால், ஊரின் பெயர் மாறுவதும் ஊரிலேயே இருக்க முடிவதும் வெவ்வேறு விஷயங்கள். சென்னையின் ஒரு தெருவை எடுத்துக்கொண்டால் இந்த வேறுபாடு துலக்கமாகத் தெரியும்.

இளங்கோ தெரு

ராஜா அண்ணாமலைபுரம் நகரின் விலையுயர்ந்த குடியிருப்புப் பகுதிகளில் ஒன்று. அங்கே இளங்கோ தெருவை ஒட்டி, பக்கிங்ஹாம் கால்வாயின் கரையில் இருந்தது கோவிந்தசாமி நகர். பல பத்தாண்டுகளாக மக்கள் வாழ்ந்த இடம். மின் இணைப்பு, குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை என்று அரசு ஒரு குடிமகருக்குத் தரும் அத்தாட்சிகள் எல்லாம் அவர்களிடம் இருந்தன. பட்டா மட்டும் இல்லை.

அந்தப் பகுதிவாசி ஒருவர் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்றது. நீதிமன்ற உத்தரவின்படி 2022 ஏப்ரல் இறுதியில் வீடுகளை இடிக்கும் பணி தொடங்கியது. மே 8 அன்று, இடிப்பை எதிர்த்து அங்கு வசித்த முதியவர் ஒருவர் தீக்குளித்தார். சிகிச்சை பலனின்றி உயிரிழந்தார். அதன் பிறகே முதல்வர் பேரவையில் விளக்கம் அளித்தார். அகற்றப்படுபவர்களுக்கு மயிலாப்பூர், மந்தைவெளிப் பகுதிகளில் கட்டப்படும் குடியிருப்புகளில் வீடு ஒதுக்கப்படும் என்றும், இனி மறுகுடியமர்வுக்கு முன்பு மக்களின் கருத்து கேட்கப்படும் என்றும் உறுதியளித்தார்.

இந்த உறுதிமொழிக்குள் ஒரு முக்கியமான ஒப்புதல் இருக்கிறது. மந்தைவெளியிலேயே வீடு கொடுக்க முடியும் என்பதுதான் அது. நகருக்குள் இடமே இல்லை என்று எத்தனையோ ஆண்டுகளாகச் சொல்லப்பட்டுவந்த காரணம், ஓர் உயிர் போன பிறகு ஒரே நாளில் இல்லாமல் போயிற்று.

கால்வாயின் கதை

நீர்வழியை ஆக்கிரமித்தவர்கள் என்பதுதான் கரையோர மக்கள் மீதான குற்றச்சாட்டு. இந்தக் கால்வாயின் வரலாற்றைச் சற்றுப் பார்க்க வேண்டும். கூவத்தையும் அடையாறையும் இணைக்கும் ஏறத்தாழ 8 கி.மீ. நீளப் பகுதி, தாது வருஷப் பஞ்சத்தின்போது, 1877-78இல், பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அன்றைய ஆளுநர் பக்கிங்ஹாம் கோமகனின் பெயரே கால்வாய்க்கும் வந்தது. அந்தப் பஞ்சம் அதிகம் பலிகொண்டது நிலமற்ற கூலி மக்களை. கூலிக்காக மண் சுமந்தவர்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

அதே கால்வாயின் மேல்தான் பறக்கும் ரயில் பாதை அமைக்கப்பட்டது. திருமயிலை, மந்தைவெளி, பசுமைவழிச்சாலை ரயில் நிலையங்கள் கால்வாயை ஒட்டியும் அதன் மீதும் எழுந்து நிற்கின்றன. தூண்கள் நீருக்குள்ளேயே இறங்கியிருக்கின்றன. பல இடங்களில் கால்வாயின் அகலம் சுருங்கியது. அது வளர்ச்சி எனப்பட்டது. அதன் அருகே தகரக் கூரை போட்டு வாழ்ந்தது ஆக்கிரமிப்பு எனப்பட்டது.

நீர்நிலைகள் காக்கப்பட வேண்டும் என்பதில் கரையோர மக்களுக்கு மாற்றுக் கருத்து இருக்க முடியாது. வெள்ளம் வந்தால் முதலில் மூழ்குவது அவர்களுடைய அடுப்புதான். 2015 பெருவெள்ளத்துக்குப் பிறகு கூவம், அடையாறு கரைகளிலிருந்து குடும்பம் குடும்பமாகப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டார்கள். அந்தப் பெரும்பாக்கமும் அருகிலுள்ள செம்மஞ்சேரியும் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டியவை. மழைக்காலத்தில் தண்ணீர் சூழ்பவை. வெள்ளத்திலிருந்து காப்பாற்றுவது மட்டுமே நோக்கமாக இருந்திருந்தால், தேர்ந்தெடுத்த இடம் வேறாக இருந்திருக்கும்.

காலடி மண் யாருக்கு?

நகரங்களில் ஏழைகள் வாழும் பகுதிக்கு வசதி படைத்தோர் வந்து குடியேற, வாடகையும் விலையும் ஏறி, பழைய குடிகள் வெளியேற நேர்வதை ஆங்கிலத்தில் ‘ஜென்ட்ரிஃபிகேஷன்’ என்கிறார்கள். லண்டனின் உழைப்பாளர் குடியிருப்புகள் மாறியதைப் பற்றி எழுதும்போது, 1964இல் ரூத் கிளாஸ் என்ற சமூகவியலாளர் உருவாக்கிய சொல் அது. அங்கே மக்களை வெளியேற்றியது பெரும்பாலும் சந்தை. வீட்டு உரிமையாளர் வாடகையை ஏற்றினார். குடியிருந்தவர் மூட்டை கட்டினார்.

நம் ஊரில் கதை வேறு. இங்கே சந்தை நேரடியாக வந்து கதவைத் தட்ட வேண்டிய தேவை இல்லை. ஏனென்றால், வெளியேற்றப்படக்கூடிய இடத்தில்தான் தலித் மக்கள் தொடக்கத்திலிருந்தே வைக்கப்பட்டிருக்கிறார்கள்.

செங்கல்பட்டுப் பகுதியில் 19ஆம் நூற்றாண்டில் நிலவிய மிராசு முறையை நினைத்துப் பாருங்கள். சேரியில் நின்ற குடிசை, அதில் வாழ்ந்தவர் கட்டியதாக இருக்கலாம். ஆனால் அது நின்ற நத்தம் தனக்குரியது என்று மிராசுதார் உரிமை கொண்டாடினார். கூலி கேட்டாலோ, மதம் மாறினாலோ, வேறு வேலைக்குப் போனாலோ, ‘மனையைக் காலி செய்’ என்ற ஒரு சொல் போதுமானதாக இருந்தது. மனைப் பட்டா அன்றைக்கே விடுதலைக் கோரிக்கையாக ஆனதற்கு இதுவே காரணம். 1892இல் பஞ்சமி நில ஒதுக்கீட்டுக்கு வழிவகுத்த திரமென்ஹீர் அறிக்கை எழுதப்பட்டதும் இதே செங்கல்பட்டு நிலவரத்தைப் பார்த்துத்தான்.

அங்கிருந்து நகரத்துக்கு வந்தவர்களுக்குக் கிடைத்தது கால்வாய்க் கரை, ரயில் தண்டவாளத்தின் ஓரம், சுடுகாட்டுப் பக்கம். யாருக்கும் வேண்டாத நிலம். வருவாய்த் துறையின் பதிவேட்டில் அது ‘புறம்போக்கு’. அதிலும் ‘ஆட்சேபகரமான புறம்போக்கு’ என்றால் எத்தனை தலைமுறை வாழ்ந்தாலும் பட்டா கிடைக்காது. மிராசுதாரின் இடத்தில் அரசு வந்தது. சுவர் உன்னுடையது, மண் உன்னுடையதல்ல என்ற ஏற்பாடு மட்டும் மாறவில்லை. அந்த நிலம் வேண்டாத நிலமாக இருக்கும்வரை யாரும் பதிவேட்டைப் புரட்டுவதில்லை. பக்கத்தில் ரயில் வந்து, மேம்பாலம் வந்து, அடுக்ககம் வந்து, சதுர அடி விலை ஏறும்போது பதிவேடு திறக்கப்படுகிறது.

இதைத் தடுக்கச் சட்டம் இல்லாமல் இல்லை. 1971ஆம் ஆண்டின் குடிசைப் பகுதிகள் (மேம்பாடு மற்றும் அகற்றல்) சட்டத்தின் கீழ் ஒரு பகுதி முறையாக அறிவிக்கப்பட்டால், அங்கு அடிப்படை வசதி செய்து தருவதற்கான பொறுப்பு அரசின் மீது விழுகிறது. வெளியேற்றுவதற்கும் கட்டுப்பாடுகள் வருகின்றன. 1971இல் சென்னையில் 1,202 பகுதிகள் அடையாளம் காணப்பட்டன. 1985இல் மேலும் 17 சேர்க்கப்பட்டன. அதன் பிறகு நகரம் பல மடங்கு பெருகியது. அந்தப் பட்டியல் பல பத்தாண்டுகளாக அசையவே இல்லை. பட்டியலுக்கு வெளியே நிற்பவர், எத்தனை காலம் வாழ்ந்தவரானாலும், சட்டத்தின் கண்ணில் ஆக்கிரமிப்பாளர்தான்.

எட்டு மாடியில் தெரு இல்லை

‘கல் வீடு கொடுத்திருக்கிறோமே, இன்னும் என்ன குறை?’ என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான், அதற்குப் பதில் கட்டிடத்தின் அமைப்பிலேயே இருக்கிறது.

தெருவில் இருக்கும் வீட்டுக்கு வாசல் உண்டு. காலையில் அந்த வாசல் இட்லிக் கடை. பகலில் அங்கே தையல் இயந்திரம் ஓடும். மாலையில் பூ கட்டுவார்கள், இஸ்திரிப் பெட்டி சூடாகும். வீட்டு வேலைக்குப் போகும் பெண் பத்து நிமிடம் நடந்து அடுக்ககத்துக்குப் போய், இடையில் ஒருமுறை வந்து பிள்ளைக்குச் சோறு கொடுத்துவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போவார். அவர் இல்லாத நேரத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள எதிர்வீட்டுப் பெரியம்மா இருப்பார். இவை எதற்கும் எந்த வரைபடத்திலும் இடம் ஒதுக்கப்படவில்லை. ஆனால் ஒரு குடும்பத்தின் வருமானமும் பாதுகாப்பும் இவற்றில்தான் இருந்தன.

பெரும்பாக்கத்தின் எட்டு மாடிக் கட்டிடங்களில் கதவைத் திறந்தால் இருப்பது பொது நடைபாதை. ஏழாவது மாடியில் இட்லிக் கடை போட்டால் யார் ஏறி வந்து வாங்குவார்கள்? தள்ளுவண்டியை எங்கே நிறுத்துவது? மின்தூக்கி பழுதானால் தண்ணீர்க் குடத்தோடும் மூட்டு வலியோடும் படியேற வேண்டும். குலுக்கல் முறையில் வீடு ஒதுக்கும்போது, ஒரே தெருவில் இருந்தவர்கள் வெவ்வேறு தொகுதிகளுக்குச் சிதறுகிறார்கள். மயிலாப்பூரில் நடந்து போன வேலைக்கு, இப்போது இரண்டு பேருந்து. 2021 முதல் பெண்களுக்குச் சாதாரணப் பேருந்தில் கட்டணம் இல்லை என்பது பெரிய ஆறுதல். ஆனால் பேருந்தில் கழியும் மணிக்கணக்கான நேரத்தை யாரும் திருப்பித் தருவதில்லை. அந்த நேரம்தான் ‘இடையில் ஒருமுறை வீட்டுக்கு வந்துபோவதை’ இல்லாமல் ஆக்குகிறது. பல பெண்கள் வேலையையே விட்டதற்கும் அதுதான் காரணம்.

பழைய இடத்துக்கு அருகிலேயே வாடகைக்கு வீடு பார்க்கலாமே என்றால், வாடகை ஒரு தடை. வாடகை கொடுக்க முடிந்தாலும், ‘நீங்க என்ன ஆளுங்க?’ என்ற கேள்வி அடுத்த தடை. அடுக்ககத்தில் பாத்திரம் துலக்க வரலாம். அதே அடுக்ககத்தில் வாடகைக்கு வர முடியாது. வர்க்கத்தை மட்டும் வைத்து இந்த இடப்பெயர்வைப் பேசுகிறவர்கள் கவனிக்கத் தவறுவது இதைத்தான்.

முகவரியின் சுமை

இடம் மாறிய பிறகு புதிய முகவரியும் ஒரு சுமையாகிறது. 2000ஆம் ஆண்டு முதல் குடியேற்றம் நடந்த கண்ணகி நகரின் பெயரைச் சொன்னால் வேலை தரத் தயங்குகிறார்கள் என்று அங்குள்ள இளைஞர்கள் நீண்ட காலமாகச் சொல்லிவருகிறார்கள். ‘காலனி’ என்ற சொல்லே இல்லாத ஒரு முகவரிக்குக் ‘காலனி’யின் இழிவு ஒட்டிக்கொண்டது எப்படி? ஒரே வகை மக்களை ஒரே இடத்தில் ஒதுக்கிக் குவித்தால், எந்தப் பெயர் வைத்தாலும் அது சேரியாகத்தான் பார்க்கப்படும்.

2020இல் கண்ணகி நகர்ச் சுவர்களில் கலைஞர்கள் பிரம்மாண்டமான ஓவியங்களை வரைந்தார்கள். அழகான ஓவியங்கள், பார்வையாளர்களும் வந்தார்கள். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய மகளிர் கபடி அணியில் ‘கண்ணகி நகர் கார்த்திகா’ இடம்பெற்றபோது, அந்த ஊரின் பெயரைத் தமிழகமே பெருமையோடு உச்சரித்தது. அந்தப் பெருமை முழுக்க முழுக்க அந்த மக்கள் தங்கள் முயற்சியில் சம்பாதித்தது. அதைக் காட்டி, அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டது சரிதான் என்று யாரும் வாதிட முடியாது.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் புதிய கணக்கெடுப்பு நடத்தி, இதுவரை விடுபட்ட குடியிருப்புகளை அறிவிக்க வேண்டும். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. இருக்கும் சட்டத்தைப் பயன்படுத்தும் மனம் போதும்.

இரண்டாவதாக, அதே பகுதியில் மாற்று வீடு என்ற 2022ஆம் ஆண்டின் உறுதிமொழி ஒரு தெருவுக்கான சலுகையாக நின்றுவிடக் கூடாது. எல்லா இடங்களுக்கும் பொருந்தும் சட்டப் பாதுகாப்பாக அது மாற வேண்டும். வாழ்வாதாரம் வாழ்வுரிமையின் பகுதி என்று ஓல்கா டெல்லிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1985லேயே சொல்லிவிட்டது. வேலை இருக்கும் இடத்திலிருந்து ஒருவரைப் பிரிப்பதும் வாழ்வாதாரத்தைப் பறிப்பதுதான்.

மூன்றாவதாக, இதுவரை வெளியேற்றப்பட்டவர்களின் சாதிவாரிக் கணக்கை அரசு வெளியிட வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டத்துக்காக 2024இல் தமிழ்நாடு ஒரு சட்டம் இயற்றியிருக்கிறது. அந்த நிதியின் ஒரு பகுதியை நகருக்குள் மனை வாங்கவும், பட்டாவோடு வீடு கட்டவும் செலவிடலாம்.

நான்காவதாக, பழைய வாரியக் குடியிருப்புகளை இடித்துக் கட்டும்போது தரைத்தளத்தில் கடைகளுக்கும் வண்டிகளுக்கும் இடம் விட வேண்டும். அக்கம்பக்கத்தினருக்கு அடுத்தடுத்த வீடுகளை ஒதுக்க வேண்டும். தரத்திலும் கண் வேண்டும். புளியந்தோப்பு கே.பி.பூங்காவில் புதிதாகக் கட்டிய அடுக்ககத்தின் பூச்சு கையால் தொட்டாலே உதிர்ந்ததை 2021இல் நாடே பார்த்தது.

‘காலனி’ என்ற சொல்லை ஆவணங்களிலிருந்து நீக்குவதற்கு ஓர் அரசாணை போதும். இளங்கோ தெருவில் வாழ்ந்தவர் இளங்கோ தெருவுக்கு அருகிலேயே, தன் பெயரில் பட்டாவோடு வாழ்வதற்கு அதைவிடக் கூடுதலான துணிவு தேவை. முதல் வேலையைச் செய்த அரசிடம் இரண்டாவதையும் கேட்கும் உரிமை அந்த மக்களுக்கு இருக்கிறது. அடுத்த மழைக்காலத்துக்கு முன்பு, அடுத்த இயந்திரம் அடுத்த கரைக்கு வருவதற்கு முன்பு, அந்தக் கேள்வியை ஒவ்வொரு வட்டத்திலும் மாமன்ற உறுப்பினரிடமிருந்தே தொடங்க வேண்டும்.