நிலவில் இறங்கும் நிமிடம் தெரிகிறது... நாளைய மழை தெரியாதா?

"நிலாவுல எத்தனை மணிக்கு இறங்கும்னு கரெக்டா சொல்றாங்க. நாளைக்கு மழை வருமானு சொல்ல முடியலையா?" ரெட் அலர்ட் நாளில் வெயில் அடித்தால், வாட்ஸ்அப் குரூப்களில் உடனே வரும் கிண்டல் இது.

நியாயமான கேள்விதான். 2023 ஆகஸ்ட் 23 மாலை 6.04 மணிக்கு சந்திரயான்-3 தரையிறங்கும் என இஸ்ரோ முன்கூட்டியே அறிவித்தது. சொன்னபடியே இறங்கியது. ஆனால், 2024 அக்டோபர் 16-ல் சென்னைக்கு ரெட் அலர்ட். வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாக கார்கள். பயந்த அளவுக்கு மழை இல்லை.

விண்வெளிக் கணக்கு ஏன் ஈஸி?

அங்கே காற்று இல்லை. விண்கலத்தை இழுப்பது முக்கியமாக பூமி, நிலவு, சூரியனின் ஈர்ப்பு விசை. நியூட்டனின் விதிகளை வைத்தே பாதையைக் கணக்கிடலாம். கொஞ்சம் விலகினாலும் இன்ஜினை இயக்கித் திருத்தலாம். 2019-ல் சந்திரயான்-2 லேண்டர் நிலவில் மோதியதே என்று கேட்கலாம். தரையிறக்கும் தொழில்நுட்பம் கஷ்டம்தான். பாதைக் கணக்கு அப்படியல்ல.

மழையில் என்ன சிக்கல்?

காற்று, ஈரப்பதம், கடலின் வெப்பம், மலைகள் என எல்லாம் ஒன்றையொன்று மாற்றிக்கொண்டே இருக்கும். கணிப்பைத் தொடங்க, இந்த நொடியில் வளிமண்டலம் எப்படி இருக்கிறது என்பது தெரிய வேண்டும். வங்கக்கடலின் ஒவ்வொரு மூலையிலும் கருவி வைக்க முடியாது. செயற்கைக்கோள் உதவினாலும் இடைவெளி இருக்கும்.

அந்தச் சின்ன இடைவெளிதான் பெரிதாகிறது. 1961-ல் அமெரிக்க வானிலை ஆய்வாளர் எட்வர்ட் லோரன்ஸ், 0.506127 என்ற எண்ணை 0.506 எனச் சுருக்கி கம்ப்யூட்டரில் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் முற்றிலும் வேறு வானிலை வந்து நின்றது.

அதனால்தான் இன்று ஒரே கணிப்பை சின்னச் சின்ன மாற்றங்களுடன் பலமுறை ஓட்டிப் பார்க்கிறார்கள். உதாரணத்துக்கு, 50-ல் 40 முறை மழை வந்தால் வாய்ப்பு 80 சதவீதம். மீதி 20 சதவீதம் நடந்தால், கணிப்பு பொய் என்று அர்த்தமில்லை.

அப்போ நம்பலாமா?

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை கொட்டியது. 20 செ.மீ.யைத் தாண்டினாலே 'அதிகனமழை'தான். ரெட் அலர்ட்டுக்குப் பிறகு 21-ம் வரலாம், 95-ம் வரலாம்.

எனவே, ரெட் அலர்ட்டை மழைக்கான கேரண்டியாகப் பார்க்காமல், தயாராகச் சொல்லும் உத்தரவாக எடுத்துக்கொள்வதே சரி. ஒருமுறை வீணாக காரை நகர்த்தினால் போவது அரை மணி நேரம். 'போன தடவையும் இப்படித்தான் சொன்னாங்க' என்று அடுத்த எச்சரிக்கையை ஒதுக்கினால், போவது உயிராகவும் இருக்கலாம். முந்தைய நாள் அலர்ட்டைப் பார்த்துத் தயாராகுங்கள்; கிளம்பும் முன் வானிலை மையத்தின் அடுத்த 3 மணி நேர அறிவிப்பையும் பார்த்துவிடுங்கள்.