செய்தித்தாளும் பொருளாதாரப் பாடமும்

நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு வரும் மேல்நிலை மாணாக்கரிடம் ‘தேவை’ என்றால் என்ன என்று கேட்டால், பாடநூலில் உள்ளபடி ஓர் எழுத்தும் பிசகாமல் ஒப்பித்துவிடுவார்கள். அதே மாணாக்கரிடம், ‘இந்த வாரம் உன் தாயார் தக்காளி வாங்காமல் புளியைக் கூடுதலாகக் கரைத்தது ஏன்?’ என்று கேட்டால் விழிப்பார்கள். இரண்டும் ஒரே பாடம் என்பது அவர்களுக்குத் தோன்றுவதில்லை. குற்றம் பிள்ளைகளுடையதன்று, கற்பிக்கும் நம்முடையதே. அன்றாடச் செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு பொருளாதாரம் கற்பிக்க முயன்றதில் நாம் கண்டதையும், முதலில் நாம் செய்த பிழையையும் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

2023 ஜூலைத் திங்களை டில்லிவாழ் இல்லத்தரசிகள் மறந்திருக்க மாட்டார்கள். தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டி, சில கடைகளில் 200 ரூபாயையும் தொட்டது. மத்திய அரசு கூட்டுறவு அமைப்புகளின் வழியாகத் தக்காளியை வரவழைத்து, ஜூலை 14 முதல் கிலோ 90 ரூபாய்க்கும், பின்னர் 80, 70 என்று குறைத்தும் விற்பனை செய்தது. அந்த வாரத்துச் செய்தித்தாளை வகுப்பில் விரித்து, ‘விலை ஏன் ஏறிற்று?’ என்று கேட்டோம். “வியாபாரிகளின் பேராசை, சார்” என்று பல குரல்கள் ஒருமிக்க எழுந்தன. நாமும் தலையை ஆட்டிவிட்டு அடுத்த கேள்விக்குச் சென்றோம்.

கடைசி வரிசையில் ஒரு பையன் மட்டும் தலை குனிந்தபடி இருந்தான். வகுப்பு முடிந்ததும் அருகில் வந்து, “எங்க அப்பா தள்ளுவண்டியில காய்கறி விக்கிறார், சார். விலை ஏறினதிலேருந்து தக்காளி எடுக்கிறதையே விட்டுட்டார்” என்றான். நமக்கு நாணமாயிற்று. “தம்பி, நாம் விசாரியாமல் தலையாட்டிவிட்டோம். உன் அப்பாவிடம் கேட்டு, கணக்கை எழுதிக்கொண்டு வா, அடுத்த வகுப்பை நீயே நடத்து” என்றோம்.

அடுத்த ஞாயிறு அவன் கரும்பலகையில் எழுதிய கணக்கு இதுதான். ஆஸாத்பூர் மண்டியில் 25 கிலோ எடுப்பதாக வைத்துக்கொள்வோம். கிலோ 20 ரூபாயாயின் கைம்முதல் 500 ரூபாய் போதும். கிலோ 150 ரூபாயாயின் 3,750 ரூபாய் வேண்டும். மூன்று கிலோ நசுங்கியும் அழுகியும் போனால், விற்பதற்கு மிஞ்சுவது 22 கிலோ. முன்பு அந்தச் சேதத்தின் மதிப்பு 60 ரூபாய். இப்போது 450 ரூபாய். வண்டிக் கூலியைச் சேர்க்காமலே அடக்க விலை கிலோவுக்கு 170 ரூபாயைக் கடந்துவிடுகிறது. கிலோக் கணக்கில் வாங்கியவர்களோ இப்போது கால் கிலோ கேட்கிறார்கள். மாலைக்குள் விற்றுத் தீராவிட்டால் நட்டம் முழுவதும் வண்டிக்காரர் தலையில். கடன் வாங்கிக் கைம்முதல் போடுகிறவர் உருளைக்கிழங்குக்கு மாறிவிட்டதில் வியப்பென்ன?

கைம்முதல், சேதாரம், அடக்க விலை, விலை ஏறத் தேவை குறைதல், வியாபாரி ஏற்கும் அபாயம் ஆகிய ஐந்து பாடங்களும் அந்த ஒரு கணக்கில் அடங்கிவிட்டன. பதுக்குவோரே உலகில் இல்லை என்று நாம் சொல்லவில்லை. ஆயினும் சில நாளில் அழுகிவிடும் தக்காளியை எவ்வளவு காலம் பதுக்க இயலும் என்று முதலில் கேட்டிருக்க வேண்டாவா? ஒருவர்மேல் பழி சுமத்துமுன் அவருடைய கணக்கைப் பார்க்கவேண்டும் என்பதே அன்று நாம் கற்ற பாடம்.

அதன் பிறகு நம் வகுப்பில் ஒரு முறையை வகுத்துக்கொண்டோம். வாரம் ஒரு செய்தி. அதற்குப் பத்தே நிமிடம். பாடத்திட்டத்தை முடிக்கவே நேரம் போதவில்லை என்று சொல்லும் ஆசிரியர்களுக்கும் இது இயலும். முதற் கேள்வி: இச்செய்தியில் நடந்தது எது, எழுதியவரின் கருத்து எது? இரண்டாவது: விலை என்றால் யாருக்குக் கிடைத்த விலை? உழவர் பெற்றதா, மண்டியில் நடந்ததா, நாம் கொடுத்ததா? மூன்றாவது: இதனால் ஆதாயம் யாருக்கு, இழப்பு யாருக்கு? நான்காவது: இனி என்ன நடக்கும்? நான்காம் கேள்விக்கு மட்டும் விடையைத் தாளில் எழுதி உறையிலிட்டு ஒட்டிவிட வேண்டும்.

ஜூலையில் ஒட்டிய உறைகளைச் செப்டம்பரில் பிரித்தோம். ‘தீபாவளி வரை விலை இறங்காது’ என்றே பெரும்பாலோர் எழுதியிருந்தார்கள். நடந்ததோ வேறு. செப்டம்பருக்குள் விலை சரிந்து, சில இடங்களில் உழவர்கள் பழத்தைச் சாலையோரம் கொட்டினார்கள். கோலார்ப் பகுதியில் பயிரைத் தாக்கிய நோயும், வடக்கே பெய்த பெருமழையும் ஜூலையில் வரத்தைக் குறைத்திருந்தன. அந்த விலையைப் பார்த்துப் பலரும் பயிரிட்டார்கள். இரண்டு மூன்று திங்களில் காய்க்கும் பயிராதலால், எல்லார் விளைச்சலும் ஒன்றாகச் சந்தைக்கு வந்து சேர்ந்தது. இன்றைய விலையைக் கண்டு நாளைய விளைச்சலைத் தீர்மானிப்பதன் விளைவைப் பாடநூலின் வரைபடத்தைவிட அந்த உறைகள் தெளிவாக உணர்த்தின.

அந்த ஜூலையில் நுகர்வோர் விலைக் குறியீட்டின்படி பணவீக்கம் 7.44 விழுக்காடாயிற்று. 2 முதல் 6 விழுக்காட்டுக்குள் அது இருக்கவேண்டும் என்பது ரிசர்வ் வங்கிக்கு வகுத்த எல்லை. எல்லை கடந்தும் ஆகஸ்டில் வங்கி தன் ரெப்போ வட்டியை 6.5 விழுக்காட்டிலேயே நிறுத்தியது. ‘ஏன் உயர்த்தவில்லை?’ என்று கேட்டோம். “வட்டியை ஏத்தினா தக்காளி காய்க்குமா, சார்?” என்றாள் ஒரு மாணவி. வகுப்பே சிரித்தது, ஆனால் விடையின் பெரும்பகுதி அதில் இருந்தது.

வெங்காயமும் கைகொடுத்தது. வேனிலில் அறுவடையாகும் வெங்காயத்தைச் சேமித்து வைத்தே நாடு பல திங்கள் உண்கிறது. அடுத்த பயிர் வரும்வரை இருப்புக் குறையக் குறைய விலை ஏறும். 2023 ஆகஸ்ட் 19 அன்று அரசு வெங்காய ஏற்றுமதிக்கு 40 விழுக்காடு வரி விதித்தது. டிசம்பர் 8 அன்று ஏற்றுமதியையே தடுத்தது. 2024 மே 4 அன்று தடையை நீக்கியது. வகுப்பை இரண்டாகப் பிரித்தோம். ஒரு பாதி டில்லிக் குடும்பத் தலைவி, மறு பாதி நாசிக் உழவர். பாதி நேரத்தில் இடம் மாறச் சொன்னோம். அதுவரை தாம் எதிர்த்த கட்சிக்காகவே வாதாட நேர்ந்தபோது, பிள்ளைகளின் குரலில் கடுமை குறைந்ததைக் கண்டோம்.

செய்தியைக் கொண்டு கற்பிப்பதில் அபாயமும் உண்டு. எந்தக் கட்சி செய்தது நன்று என்ற பூசல் வகுப்புக்குள் எளிதில் நுழைந்துவிடும். ஆசிரியர் தம் சார்பைத் திணிக்காமல், கேள்வியைப் ‘பிறகு என்ன நடந்தது?’ என்பதில் நிறுத்த வேண்டும். பாடநூலை விட்டுவிடவும் கூடாது. நூல் இல்லாத செய்தி வெறும் வம்பு. செய்தி இல்லாத நூல் வெறும் மனப்பாடம்.

இறுதியாகப் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். வெளி மாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகள் இப்பாடத்தை ஆங்கிலத்திலோ இந்தியிலோ படிக்கிறார்கள். ஆகவே வீட்டில் இரவு உணவுக்குப் பின், அன்றைய செய்தி ஒன்றைப் பாட்டிக்குத் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். பாட்டி, “அப்படின்னா என்னடா?” என்று கேட்கும்போதுதான் தனக்கு எது விளங்கவில்லை என்பது பிள்ளைக்கு விளங்கும். வீட்டு மளிகைக் கணக்கு நோட்டையும் அவன் கையில் கொடுங்கள்.

கடைசி வரிசைப் பையன் அன்று முதல் முன்வரிசைக்கு வந்துவிட்டான். அவனுடைய தந்தையாரும் ஒரு ஞாயிறன்று நம் வகுப்புக்கு வந்து, மண்டி ஏலத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். அவருக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டவர்கள், முன்பு பேராசை என்று குரல் எழுப்பிய அதே பிள்ளைகளே.